வெறும் வயிற்றில் 110

ஊசிக்குப் பயந்த பத்தொன்பது வயதுத் தங்கை, சர்க்கரை பார்க்காமலேயே நோட்டில் தினமும் 110 என்று எழுதிவைத்தாள். அக்காவும் நம்பித் தொலைத்தாள். மூக்கில் பிடித்த கரும்பூஞ்சை கண்ணுக்கு ஏறிய அன்று சர்க்கரை 480.

"ஏன்டி இப்படிப் பண்ணே?"

"உண்மையை எழுதினா நீ திட்டுவேக்கா."

முதலில் கண்ணை எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் அவளையே எடுத்தார்கள்.

சர்க்கரை பார்க்கும் மெஷின் இழுப்பறையில் கிடந்தது. பார்த்ததாகக் காட்ட அவள் தினமும் ஒன்றாய் வீசியதில், ரத்தச் சொட்டு வைக்கும் ஸ்ட்ரிப் ஒன்றுகூட மிச்சமில்லை. ஆனாலும் மறுநாள் காலை ஆறு மணிக்கு அதில் 462 என்று பதிவாகியிருந்தது. அடுத்த நாள் 430. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

இன்று காலை 110.

"செத்த பிறகுதான் ஒழுங்கா பாக்கணும்னு தோணுச்சாடி உனக்கு?" என்றாள் அக்கா.