விரும்பிக் கேட்டவர் கழுதையார்

இன்று ஓயாமல் விளம்பரம் ஓடுகிற புளியமரத்து வானொலியில், தொடங்கிய புதிதில் பாட்டுப் போடச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. "நேயரே இல்லாத இடத்தில் என் கொய்யாப்பழ விளம்பரம் எதற்கு?" என்று அணிலும் கிளம்பியது. நிலையத்தை நடத்திய மைனா ஓடிப்போய் ஒலிவாங்கியைப் பிடித்தது. அவசரத்தில் வாய்க்கு வந்ததை அறிவித்துவிட்டது: "அடுத்த பாடலை விரும்பிக் கேட்டவர், ஆற்றங்கரைக் கழுதையார்."

பாட்டு முடிவதற்குள் கழுதையே நேரில் வந்து நின்றது. அதன் பின்னால் எருமையும் ஆடுகளும் நின்றன. குட்டு உடைந்தது என்று மைனா கண்ணை மூடிக்கொண்டது.

கழுதை தொண்டையைக் கனைத்தது. "மைனா தம்பி, நாளைக்கு நான் எந்தப் பாட்டை விரும்பிக் கேட்கிறேன்? முன்னாலேயே சொல்லிவிடு. இன்னும் சொந்தபந்தம் பாக்கியிருக்கிறது, எல்லாரையும் கூட்டி வர வேண்டும்."