மொட்டை மரங்கள்

தெக்கோமான் ஊரின் கடற்காற்றில் எலுமிச்சைத் தோப்பு சலசலக்கிறது. விடிந்ததிலிருந்து ஃபிடென்சியோ ஏணியில் நின்று மஞ்சள் இலைகளை மட்டும் பறித்துக்கொண்டிருக்கிறான். வேளாண் துறை அதிகாரி மஞ்சளைப் பார்த்தால் மரத்தில் சிவப்புப் பெயிண்டால் வளையம் அடிப்பார். மறுநாள் அதை வெட்ட ரம்பம் வரும். இலையை மஞ்சளாக்கும் இந்த நோய்க்கு மருந்து கிடையாது. கீழே அவன் மனைவி ஒப்துலியா, விழுந்த இலைகளைப் பாவாடையில் வாரிக் கால்வாயில் கொட்டுகிறாள். முள் கிழித்த இடமெல்லாம் வியர்வை பட்டு எரிகிறது. ஒரு கிளையை முடித்தால் அடுத்த கிளையும் மஞ்சளாக நிற்கிறது. "யோவ், இதுக்கு மேல பறிச்சா விறகுதான்யா மிஞ்சும்." "வாயை மூடிட்டு இலையை வாருடி. ஜீப் சத்தம் கேக்குது." புழுதி அடங்குமுன் அதிகாரி இறங்கி வருகிறார். இலைகளை அவர் பார்க்கவே இல்லை. வரிசையில் மொட்டையாக நிற்கும் மரங்களை எண்ணுகிறார். "எனக்குப் பாதி வேலை மிச்சம்ணே. நோய் புடிச்சது எது எதுன்னு நீங்களே காட்டிட்டீங்க." ஸ்ப்ரே பெயிண்ட் டப்பாவைக் குலுக்குகிறார், உள்ளே பெயிண்டைக் கலக்கும் குண்டு கடகடக்கிறது. "பதினோரு மரம். பாதித் தோப்பு, இல்லையா?" ஃபிடென்சியோ ஏணியிலிருந்து இறங்கி வந்து முதல் மரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்கிறான். "கையை எடுங்கண்ணே." அவன் எடுக்கவில்லை. சிவப்பு, பட்டையில் தொடங்கி, அவன் விரல்களின் மேல் ஏறி, மறுபக்கம் மீண்டும் பட்டையில் இறங்குகிறது.