இன்னொரு பிரேக்

“பின்சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறவனை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? பைத்தியமாடா உனக்கு?”

சித்தப்பா போட்ட சத்தத்தில், புதிதாகச் சேர வந்த ஒருத்தர் வாசலோடு திரும்பிப் போய்விட்டார். டிரைவிங் ஸ்கூலில் அப்பாவும் சித்தப்பாவும் பாதிப் பாதி. கத்துவது மட்டும் முழுக்கச் சித்தப்பா பங்கு.

“நேத்து கிளாஸ்ல மருந்துக்கடைக்காரர் ஸ்டியரிங்ல மோதி மூக்கு வீங்கிக் கிடக்கிறார். இனிமே கிளாஸ் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டாராம். ஏன்டா இழுத்தே?”

“இழுக்கணும்னு தோணுச்சு. இழுத்தேன்.”

“கத்துக்கொடுக்கிறவர் காலடியில இன்னொரு பிரேக் எதுக்கு வெச்சிருக்கு? எப்ப மிதிக்கணும்னு உங்கப்பாவுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம்? படிப்பு பிடிக்கலைன்னு நின்னே, சரின்னு விட்டோம். ஆபீஸ்ல உட்கார்ந்து போன் எடுடான்னா, வால் மாதிரி எல்லா கிளாசுக்கும் அப்பா பின்னாடி வண்டியில ஏறிக்கிறே. இப்போ இது!”

நான் போனை எடுத்தேன். காலையிலிருந்து அதுதான் வேலை. ஒரு மனநல ஆலோசகரைப் பிடிக்க வேண்டும். முதல் இடத்தில் அடுத்த மாதம்தான் நேரம் இருக்கிறது என்றார்கள். அதுவரைக்கும் மனசை எங்கே பார்க் பண்ணி வைப்பதாம்? அடுத்த ஆள், நான் வாயைத் திறப்பதற்குள் அறிவுரையைத் திறந்துவிட்டார்.

“காலையில சீக்கிரம் எழுந்து ஓடுங்க தம்பி. எல்லாம் பறந்துடும்.”

“எழுந்திருக்கவே முடியலைன்னுதான் சார் போன் பண்றேன்” என்று வைத்துவிட்டேன்.

இந்தத் தடவை ஒரு பெண் குரல். அவசரமே இல்லாத குரல்.

“யாருக்குப் பார்க்கணும்?”

சித்தப்பா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி, வெளியே நிற்கிற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத்தான்.”

“தூக்கம்?”

“இல்லை. விட்டத்தைப் பார்த்துக்கிட்டே விடியுது.”

“சாப்பாடு?”

“போட்டது போட்டபடி தட்டுலயே காயுது.”

“செத்துடலாம்னு நினைப்பு வருதா?”

ஜன்னலோரம் நின்ற அப்பாவின் முதுகைப் பார்த்தேன். 

“அதுதான் பயமா இருக்கு” என்றேன்.

“இன்னிக்குச் சாயங்காலமே வாங்க. தனியா வராதீங்க. வீட்டுல ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க.”

போனை வைத்ததுதான் தாமதம், சித்தப்பா ஆடித் தீர்த்துவிட்டார்.

“கொஞ்சம்கூட வெட்கமில்லாம எனக்குத்தான்கிறான் பாருங்க! அண்ணே, இது வியாதி இல்லே, கொழுப்பு. நல்லா நாலு வெச்சா தானா தெளியும். நம்ம வீட்டுல யாருக்காவது இப்படி வந்திருக்கா?”

“வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா மெக்கானிக்கைத்தானே கூப்பிடறீங்க சித்தப்பா? நாலு அறை விட்டு, ‘நம்ம வீட்டு வண்டி எதுவும் இப்படி நின்னதில்லை’ன்னா திட்டறீங்க?”

“வாய் காது வரைக்கும் கிழியுது! வெளியில தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?”

“தெரியட்டும். யார் கேட்டாலும் எனக்குத்தான்னு சொல்லுங்க. வேணும்னா வாசல்ல போர்டு மாட்டுங்க.”

அப்பா அப்போதுதான் வாய் திறந்தார். “நான் கூட்டிட்டுப் போறேன்.”

“சாயங்கால கிளாஸ் என்ன ஆவறது அண்ணே?”

“நீங்க எடுங்க சித்தப்பா” என்றேன். “கத்தாம எடுங்க. கத்துக்க வர்றவங்க பாவம்.”

நான்தான் ஓட்டினேன். அப்பா பக்கத்து சீட்டில். வழக்கமாக நான் ஓட்டினால், கண்ணாடியைப் பாரு, கிளட்சை விடு என்று தெரு முழுக்கத் திட்டிக்கொண்டே வருவார். இன்றைக்கு இண்டிகேட்டர் போடாமல் திரும்பினேன். வேண்டுமென்றேதான். ஒரு வார்த்தை இல்லை.

மாடியில் சின்ன அறை. சுவரோரம் நாற்காலிகள். வரவேற்பில் இருந்த அக்கா என்னைப் பார்த்ததும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“பயப்படாதீங்க தம்பி.” பிறகு அப்பாவிடம், “நீங்களும் தைரியமா இருங்க சார். பையன் நல்லாயிடுவான்.”

அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அக்கா அந்தப் பக்கம் போனதும் என் பக்கம் சாய்ந்தார்.

“நேத்து லாரி எதிர்ல வந்துச்சுடா. மருந்துக்கடைக்காரர் குனிஞ்சு கியரைப் பார்த்துக்கிட்டு இருந்தார். அவருக்குத் தெரியாது. நான் பார்த்தேன். என் கால் பிரேக் மேலதான் இருந்துச்சு. மிதிக்கணும்னு தோணவே இல்லை.”

“தெரியும்பா. பின்சீட்டுல இருந்து நான் ரோட்டையா பார்த்துக்கிட்டு வந்தேன்? உங்க காலைத்தான் பார்த்துக்கிட்டு வந்தேன்.”

அப்பா ஆலோசகரின் அறைக் கதவைப் பார்த்தார்.

“உள்ளே போய் உட்கார என்னால முடியாதுடா. நீயே போ. தூக்கம், சாப்பாடு, எல்லாத்தையும் உனக்குன்னே சொல்லு. எல்லார்கிட்டயும் அப்படித்தானே சொல்லி வெச்சிருக்கே? என்ன பண்ணணும்னு கேட்டுட்டு வந்து வண்டியில சொல்லு. நான் பண்றேன்.”

கதவு திறந்தது. போனில் கேட்ட அதே குரல்.

“யாருக்குப் பார்க்கணும்?”

“எழுந்திருடா” என்று அப்பா என் முதுகில் கை வைத்துத் தள்ளினார்.

நான் நாற்காலியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எழுந்திருக்கவில்லை. இந்தத் தடவை ‘எனக்குத்தான்’ என்று சொல்லவும் இல்லை.