தண்ணீருக்கு அடுத்த பெயர்

மருந்துக்கடையில் நின்று இரண்டு க்ரீம் ட்யூபையும் மறுபடி திருப்பினாள்.

இரண்டிலும் முதல் பெயர் தண்ணீர். எது அதிகமோ அது முன்னால் வரும். அதற்காகத்தான் அவள் பின்பக்கத்தைப் படிக்கிறாள். முன்பக்கம் படிக்க எதுவுமில்லை. இரண்டிலும் ஒரே நீலத் துளி.

இடது கையில் இருந்ததில் தண்ணீருக்கு அடுத்தது கிளிசரின். அதற்கடுத்து பாரஃபின். ஒன்று ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். மற்றது மேலே மூடி போடும். சாதுவான ஜோடி.

வலது கையில் இருந்ததில் தண்ணீருக்கு அடுத்தது யூரியா.

நேற்று தோல் டாக்டர் இரண்டின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். எதை வேண்டுமானாலும் வாங்கலாம், ஆனால் இவ்வளவு காய்ந்த தோலுக்கு இரண்டாவதுதான் சீக்கிரம் கேட்கும் என்றார். புண்ணில் படக்கூடாது. எரியும்.

அப்பா அப்போது அறைக்கு வெளியே சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து இந்த அரிப்பு. தோல் செதிலாக உதிர்கிறது. அம்மா நாள்தோறும் போர்வையைக் கொல்லையில் உதறுகிறாள். சொறிகிறார் என்று சீப்பை ஒளித்து வைத்தாள். அவர் கதவுச் சாவியை எடுத்துக்கொண்டார். அதனால் முதுகெல்லாம் சிவந்த கோடுகள். இன்று காலை இவள் அந்தச் சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

யூரியா எல்லோர் தோலிலும் இருக்கிறது. ஈரத்தைப் பிடித்து வைப்பவற்றில் அதுவும் ஒன்று. பூசுவது ரத்தத்தில் ஏறி நிற்காது. வேதியியல் படித்தவள், அவளுக்குத் தெரியும். தெரிந்தும் டாக்டரிடம் இரண்டு தடவை கேட்டாள்.

சிறுநீரகம் கழிக்க முடியாமல் அப்பாவின் ரத்தத்தில் தேங்குவதும் யூரியாதான். வீட்டில் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்வதில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தால், அது எவ்வளவு இருக்கிறது என்றுதான் அம்மா கேட்பாள். அப்பா காது கேளாதவர்போல் எழுந்து போய்விடுவார்.

அதே சொல்தான் வீட்டுக்குச் சோறு போட்டது. மன்னார்குடியில் அப்பாவுக்கு உரக்கடை இருந்தது. லோடு வந்ததும் ஒரு மூட்டையைப் பிரிப்பார். உள்ளங்கையை நனைத்து, நாலு குருணை போட்டு மூடுவார். ஜில்லென்று குளிர்ந்தால் அசல். குளிராவிட்டால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். டிரைவர் கெஞ்சினாலும் பேச்சு கிடையாது.

வேண்டாம் என்றால் அவருக்கு வேண்டாம்தான்.

எந்த ட்யூபுக்குப் பில் போடுவது என்று கடைப்பெண் கேட்டாள். பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

இடது கையில் இருந்ததை நீட்டினாள்.

வாசல்படி வரை வந்தாள். செருப்பு மாட்டினாள். கழற்றினாள்.

உள்ளே போய் மாற்றிக்கொண்டாள்.

அம்மாவின் காலி கோல்ட் க்ரீம் டப்பா ஒன்று வீட்டு அலமாரியில் கிடந்தது. கழுவித் துடைத்து, ட்யூபை அதில் பிதுக்கினாள். வழித்து நிரவினாள். வெள்ளையாக இருந்தது. வாசனை இல்லை. காலி ட்யூபைக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு எடுத்துச் சுருட்டிக் கைப்பைக்குள் திணித்தாள். கைப்பையை நாற்காலியில் மாட்டினாள்.

என்ன அது என்று அம்மா கேட்டாள். கிளிசரின் க்ரீம் என்றாள்.

பொய் இல்லை. ஐந்தாவது பெயர் கிளிசரின்.

பிறகு அப்பா குளிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அடுப்படிக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். தண்ணீரில் அவருக்கு அவசரம் கிடையாது. குடிக்கத்தானே அளவு, குளிக்கக் கூடவா என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

துடைக்க வேண்டாம் என்று கொல்லைக் கதவருகே நின்று சொன்னாள். ஈரத்தோடு பூச வேண்டும். ஈரம் போய்விட்டால் க்ரீமுக்குப் பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது.

வேட்டியைச் சுற்றிக்கொண்டு முக்காலியில் வந்து உட்கார்ந்தார். தோளிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஊசி குத்தாத கையை நீட்டினார்.

டப்பாவைத் திறந்தாள்.

அவர் டப்பாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அவள் காது சுட்டது. குனிந்து பூசினாள். கீறல்களைச் சுற்றி, கீறலில் படாமல், விரல் நுனியால். மணிக்கட்டு. முழங்கை. காய்ந்த இடம் வெளுத்து, மெல்ல நிறம் திரும்பியது. அவர் எரிகிறது என்று சொல்லவில்லை.

பிறகு அவர் டப்பாவுக்குள் ஒரு விரலை விட்டார்.

சுண்டைக்காய் அளவு எடுத்தார். ஈர உள்ளங்கையில் வைத்து மூடினார்.

கண்ணையும் மூடினார்.

அவள் கை நின்றுவிட்டது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா உள்ளே எதையோ தாளித்தாள்.

அவர் கையை விரித்துப் பார்த்தார். லாரிக்காரனிடம் பேசும் அதே முகம்.

"குளிரவே இல்லையேம்மா. சரக்கு கலப்படம்."

க்ரீமில் அது ஏற்கெனவே கரைந்திருக்கிறது, அதனால் குளிராது என்று அவள் சொல்லியிருக்கலாம்.

அவர் இடுப்பு மடிப்பிலிருந்து எதையோ எடுத்தார்.

கதவுச் சாவி.

அவள் கைப்பைக்குள், அந்த ட்யூபுக்கு அடியில் கிடந்த சாவி.

அதை அவள் பக்கத்தில் வைத்தார். உள்ளங்கையில் இருந்ததை முழங்காலில் தேய்த்துக்கொண்டார்.

பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்.