மூன்றாம் ஓலை

பாதிரியார் ஓலையைக் கையில் எடுத்ததும் ஜோசப் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்.

பரசுராமன் இந்த ஞாயிறும் வந்திருந்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார்கள். மூன்று தடவையும் யாரும் வாய் திறக்காவிட்டால் தாலி கட்டலாம்.

இது மூன்றாவது. மாப்பிள்ளை, ஜோசப்பின் மகன் சாலமோன். பெண், ஊத்துக்கோட்டைச் செண்பகம்.

பரசுராமன் சாலமோனோடு கும்மிடிப்பூண்டி இரும்புப் பட்டறையில் வேலை செய்கிறவன். ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் ஒரே அறை. ஞானஸ்நானம் வாங்கின வேதக்காரன் இல்லை. கோயிலில் அவனுக்கு என்ன வேலை?

என்ன வேலை என்று ஜோசப்புக்குத் தெரியும்.

தை மாசம் கருவாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் அந்த அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. சாலமோன் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்தான். பரசுராமன் தரையில் உட்கார்ந்து அவனுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான்.

இரண்டு பேரும் இவரைப் பார்க்கவில்லை. ஆனால் மகன் முகத்தில் இருந்த நிம்மதியை இவர் பார்த்துவிட்டார். செத்துப்போன ஞானம்மாவோடு நடத்திய குடித்தனத்தில் அப்படி ஒரு நிம்மதி இவருக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.

பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அந்த வாரமே பெண் தேட ஆரம்பித்தார். சாலமோன், “சரி, நைனா” என்றான்.

நேற்று மத்தியானம் மனசு கேட்காமல் பாதிரியார் வீட்டுப் படியேறினார்.

ஜோசப் கிளிஞ்சல் சூளையில் சுண்ணாம்பு சுட்டவர். கையெழுத்துப் போடுவதோடு படிப்பு முடிந்தது. பாதிரியாரோ பெங்களூரில் கிரேக்கு பாஷை படித்தவர். படித்தவன் எவனையும் ஜோசப் நம்பமாட்டார். ஆனால் வேதத்தில் இவர் மனசை அரிக்கிற அந்த வரியை அப்போஸ்தலர் கிரேக்கில்தான் எழுதினாராம். வேறு எவனைப் போய்க் கேட்பது?

“ஆம்பளையும் ஆம்பளையும் ஒண்ணா இருக்கறதப் பத்தி அதுல இன்னா போட்டுக்கீது ஐயா? சுத்தி வளைக்காத சொல்லுங்க.”

பாதிரியார் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

பிறகு சுற்றித்தான் வளைத்தார். அந்தக் காலத்துக் கிரேக்கப் பட்டணங்களில் பணக்காரர்கள் அடிமைப் பையன்களை விலைக்கு வாங்கி வைத்துக்கொள்வார்களாம். அந்த அநியாயத்தைத்தான் அப்போஸ்தலர் கண்டிக்கிறார் என்று சில பேர் அர்த்தம் எடுத்துப் படிக்கிறார்களாம். இல்லை, எல்லாரையும்தான் சொல்கிறார் என்று மற்றவர்கள் படிக்கிறார்களாம். அதே கிரேக்கில், ஒருத்தனுக்காக ஒருத்தன் சண்டையில் நின்று செத்ததை மெச்சி எழுதினவர்களும் இருக்கிறார்களாம்.

“அவங்கள உடுங்க. நீங்க எப்டிப் படிக்கிறீங்க?”

“பிரசங்க பீடத்துலயா, இங்கயா?”

ஜோசப்புக்குச் சுருக்கென்றது. இடத்துக்கு ஒரு படிப்பு வைத்திருக்கிற மனுஷன்!

“இங்கதான்.”

“இங்கன்னா, உங்க பையனைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல.”

சாலமோன் பேரை ஜோசப் எடுக்கவே இல்லை.

இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். வேதத்துக்குப் பயந்து செய்கிறேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. பாவி மனுஷன் அதையும் பிடுங்கிக்கொண்டார்.

அது போதாதென்று, இன்று காலை கோயில் வாசலில் செண்பகம் கிட்டே வந்தாள்.

“மாமா, அவருக்கு என்னப் புடிச்சிக்கீதா? ஒரு வாட்டி கூட நிமிந்து பாக்கலயே.”

மணி அடித்துவிட்டது என்று சொல்லி ஜோசப் விறுவிறுவென்று உள்ளே வந்துவிட்டார்.

இப்போது பாதிரியார் பேர்களை வாசித்தார். இது மூன்றாம் முறை என்றார். தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டார்.

ஜோசப்பின் கண் கடைசி பெஞ்சை விட்டு நகரவில்லை.

பரசுராமன் எழுந்தான்.

இரண்டொரு தலைகள் திரும்பின.

அவன் வாயைத் திறக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டான்.

போய்த் தொலைந்தான் என்று ஜோசப் மூச்சு விட்டிருக்க வேண்டும். அவரோ பல்லைக் கடித்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, படுபாவி! மூன்று ஞாயிறாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவன் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்!

முன் பெஞ்சில் சாலமோன் குனிந்த தலை நிமிரவில்லை. பாதிரியார் ஓலையை மடித்தார்.

“எனக்குத் தடை இருக்குது.”

சொல்லிவிட்டுத்தான் ஜோசப் எழுந்து நின்றார்.

பாதிரியாரின் முகம் வெளுத்துவிட்டது. “என்ன தடை?” என்று கேட்டார்.

ஜோசப் மகனைப் பார்க்கவில்லை. செண்பகத்தையும் பார்க்கவில்லை.

“நான் கேட்ட சீர அவங்க செய்யல.”

பெண்ணின் அம்மா துள்ளி எழுந்தாள். “இன்னா அண்ணே இது அநியாயம்! நீங்கதானே ஒண்ணும் வேணாம், பொண்ணு மட்டும் போதும்னீங்க!”

“அப்ப சொன்னேன். இப்பக் கேக்குறேன். உங்களால ஆகாது.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி காறித் துப்பினாள். “தூ! பணப்பேய் புடிச்ச கெழம்!”

ஆமாம் என்று ஜோசப் தலையாட்டினார்.