நெஞ்சளவு தண்ணீர்

"இன்னைக்கும் காய்ச்சல்னு சொல்லப் போறீங்களா?"

வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டே டிலுக்ஷி கேட்டாள். கணவனின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

"இல்ல. இன்னைக்கு இறங்குறேன்," என்றான் ரபாயேல்.

போன மாதமும் அவன் இதையேதான் சொன்னான். அதற்கு முந்தின மாதமும் சொன்னான். முதல் தடவை, மழை வரும்போல இருக்கிறது என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்டான். இரண்டாம் தடவை, சபையார் எல்லோரும் குளக்கரை வரை நடந்து வந்து பாய் விரித்து உட்கார்ந்த பிறகு, உடம்பு கொதிக்கிறது என்று திரும்பிவிட்டான். உடம்பு கொதிக்கவில்லை என்பது டிலுக்ஷிக்குத் தெரியும். காரணமும் தெரியும். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் அதை அவளிடம் சொன்னான்.

வில்கமுவவில் அவன் சின்னப் பையனாக இருந்தபோது, அண்ணன் ரொமேஷுடன் வாய்க்காலுக்குக் குளிக்கப் போனான். அன்று தண்ணீர் கரைபுரண்டு ஓடியது. கால் வழுக்கி உள்ளே போன அண்ணனின் கையை ரபாயேல் எட்டிப் பிடித்தான். பிடித்த கை நழுவியது. அதற்குப் பிறகு ஆற்றிலோ குளத்திலோ அவன் காலை வைத்ததே இல்லை.

டிலுக்ஷி ஒரு யோசனை சொல்லியிருந்தாள். மாத்தளையில் தெரிந்த சபை ஒன்றில், கட்டடத்துக்குள்ளேயே சிமெந்துத் தொட்டி இருக்கிறது. இடுப்பளவு தண்ணீர், பிடித்துக்கொள்ள விளிம்பும் உண்டு. வேன் பிடித்தால் போய்விடலாம். அவனுக்கும் அது சரியென்றுதான் பட்டது. ஆனால் இன்று விடியற்காலையில் முழங்காலில் நின்று ஜெபித்தபோது, அப்படிப் போனால் காலமெல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் தெளிவாயிற்று. தண்ணீரைக் கடக்கும்போது ஆண்டவர் கூடவே வருவார் என்று அவன் எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறான். தனக்கு அதைச் சொல்லிக்கொள்ளத்தான் இத்தனை நாள் வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டு மார்ஜரி வெள்ளைச் சேலையில் வாசலுக்கு வந்துவிட்டாள். ரபாயேலைவிடச் சில வயது மூத்தவள். தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை கட்டும் வேலை. இவர்கள் நாவுலவுக்குக் குடிவந்த நாளிலிருந்து அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். வருகிற வியாழக்கிழமை அவள் மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். பிளேன் ஏறுவதற்கு முன்னால் இது நடந்தாக வேண்டும் என்று போன வாரமே சொல்லிவிட்டாள். இன்று அதைத் திரும்பச் சொல்லவில்லை. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வரும்வரை வாசலிலேயே நின்றாள்.

மூவரும் ரோட்டோரமாக நடந்தார்கள். தம்புள்ளைக்குப் போகும் லொறிகள் காற்றை வீசிக்கொண்டு கடந்தன.

குளக்கரையில் மருத மரத்தடியில் சபையார் கூடியிருந்தார்கள். தூரத்தில் ஒருவர் வயலுழும் லேண்ட்மாஸ்டர் டிராக்டரைத் தண்ணீரில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள். ரபாயேல் செருப்பைக் கழற்றினான். கால் விரல் சேற்றைத் தொட்டதும் நின்றுவிட்டான். குளம் அசையாமல் கிடந்தது. அவன் காதுக்குள்ளோ வாய்க்கால் இரைந்தது.

அவன் அப்படியே நிற்பதைப் பார்த்துப் பாட்டு மெல்ல ஓய்ந்தது. இன்றைக்கும் பாயைச் சுருட்ட வேண்டியதுதானா என்று ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது அவன் காதில் விழுந்தது.

மார்ஜரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவனுக்கு முன்னால் தண்ணீரில் இறங்கினாள். திரும்பிக் கையை நீட்டினாள்.

"பயமா இருக்கு அக்கா," என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"எனக்கு மட்டும் என்ன தம்பி? பாஷை தெரியாத ஊருக்குப் போறேன். இந்தப் பயத்த எடுத்துடுங்கன்னு நானும் தினம் கேக்குறேன். ஆண்டவர் எடுக்கல. பயத்தோடயே வான்னு சொல்றாரு போல. வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படுவோம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் அடைத்த மூச்சும் வந்தது. அவள் கையைப் பற்றிக்கொண்டு, "ஆண்டவரே, கூட இருங்க," என்று முணுமுணுத்தபடி ஓர் அடி வைத்தான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, பிறகு தொடைக்கு. இடுப்பில் குளிர் ஏறியபோது கரைக்கு ஓடிவிடு என்று உடம்பு முழுவதும் கெஞ்சியது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அடியை வைத்தான். பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே தன்னோடு இன்னொருவரும் நடந்து வருவதை அவன் உணர்ந்தான். அது மார்ஜரி இல்லை.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்ததும் இருவரும் நின்றார்கள். கரையில் டிலுக்ஷி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாட்டு மறுபடியும் எழும்பியது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று மார்ஜரி கேட்டாள்.

"பரவாயில்ல அக்கா. நிக்க முடியுது."

மார்ஜரி அவன் கையை விட்டாள். ஆனால் கரைக்குத் திரும்பவில்லை. அவன் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

"அப்ப எனக்கு ஞானஸ்நானம் குடுங்க, பாஸ்டர்."