முதல் லாரி

"ஒரு பொம்பளைக்காக ஊரே பட்டினி கிடக்கணுமா?"

செங்கம் ரோட்டு டீக்கடையில் தசரதன் போட்ட சத்தத்தில், பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் பக்கம் போகிற ரோட்டை அகலமாக்கி, வளைவுகளை நிமிர்த்தி, புதுப் பாலம் கட்டி நெடுஞ்சாலை போடப் போகிறார்கள். எல்லோரும் நிலம் கொடுத்துவிட்டார்கள். குசுமாவதி மட்டும் முடியாது என்கிறாள். வயலோடு கிணறும் போகிறதாம். கோர்ட்டுக்குப் போவேன் என்கிறாள்.

"கேஸ் போட்டா வருஷக் கணக்குல இழுக்குமே, தசரதா!" என்றார் அப்பாசாமி, கடலை எண்ணெய் மில் முதலாளி.

சுற்று வட்டாரத்தில் விளையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையெல்லாம் ஒரு காலத்தில் அவருடைய மில்லில்தான் எண்ணெயாகும். அதைப் பூட்டி இரண்டு வருஷம் ஆகிறது. மற்ற மில்களும் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன. மில்லில் ஃபிட்டராக இருந்த தசரதன் இப்போது சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறான்.

"அந்தக் குறுகல் பாலத்துல பெரிய லாரி வர முடியலை. அதான் நம்ம தொழிலே போச்சு. நல்ல ரோடு மட்டும் வரட்டும், இந்த ஊரு எங்கியோ போயிடும்!" அப்பாசாமி திருவண்ணாமலை மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீ போய்ப் பேசு. நீ சொன்னா அந்தம்மா கேக்கும்."

முதலாளி தோளில் கை போட்டுப் பேசியதில் தசரதனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சைக்கிளை ஒரே மிதி மிதித்தான்.

குசுமாவதி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜைனக் குடும்பம், பொழுதோடு சாப்பிட்டுவிடுவார்கள்.

"வா தசரதா. வெளிச்சம் இருக்கறப்பவே ஒரு வாய் சாப்பிடு."

"சாப்பிட வரலைக்கா. நியாயம் கேக்க வந்தேன். ஊரு நல்லா இருக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"எங்க வீட்டுக்காரர் வெட்டின கிணறுப்பா அது. நல்ல கோடையிலகூட வத்தாது. அதைத் தூர்த்துட்டா மிச்ச நிலத்துக்குத் தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

தசரதனுக்கு வந்த கோபம் இறங்கிவிட்டது.

"தெரியலைக்கா. ஆனா எங்க ஜனங்க பாதிப் பேரு பெங்களூர்ல கல்லும் மண்ணும் சுமக்குது. என் பொண்டாட்டி வேதாவும் அங்கதான் கிடக்கறா. பொங்கலுக்குப் பார்த்தது. மில்லு ஓடுச்சுன்னா எல்லாரும் வந்துடுவாங்க."

குசுமாவதி சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவினாள்.

"ரோடு வந்தா மில்லைத் திறப்பாரா உங்க முதலாளி?"

"மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாருக்கா!"

வாசலுக்கு வந்து கிணற்றை ஒரு தரம் பார்த்தாள்.

"வேதாவை வரச் சொல்லிடு. நான் கேஸ் போடலை."

அப்புறம் கேட்க வேண்டுமா! கல்லு லாரியும் தார் டிரம்மும் வந்து இறங்கின. ரோடு ரோலர் தடதடக்கும்போது தசரதன் நெஞ்சும் சேர்ந்து தடதடத்தது. பஞ்சர் கடையைச் சாத்திவிட்டு அவனே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனான்.

"கூலிக்கா போறே?" என்று கேட்டவர்களிடம், "நம்ம ரோடுய்யா!" என்றான்.

கிணற்றைத் தூர்த்த அன்று குசுமாவதி வெளியே வரவில்லை. மறுநாள் பானை நிறைய மோர் கரைத்து எடுத்துவந்து, வேலை செய்கிற அத்தனை பேருக்கும் ஊற்றினாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் தை மாசம் ரோடு திறந்தார்கள். மாவிலைத் தோரணம், மேளம், வெடி. பெங்களூர் பஸ் புது ரோட்டில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. வேதா தட்டுமுட்டுச் சாமானோடு இறங்கினாள். இனி திரும்பிப் போகிற வேலையே இல்லை என்று, இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"லாரி வருதுடோய்!" யாரோ கத்தினார்கள்.

ஊர் இதுவரை பார்க்காத நீளம். புதுப் பாலத்தில் ஏறி, ஒரு குலுக்கல் இல்லாமல் இறங்கி, நேராக மில் வாசலில் வந்து நின்றது.

"இன்னாங்க, காலியா வந்திருக்குது?" என்றாள் வேதா.

"அட, இங்கிருந்து லோடு ஏத்திக்கிட்டுப் போவத்தானே வருது!" என்றான் தசரதன்.

அப்பாசாமி டிரைவருக்கு மாலை போட்டார். பூசணிக்காய் உடைத்தார். துருப்பிடித்த மில் கதவை நாலு பேர் சேர்ந்து தள்ள, கிறீச்சென்று திறந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். குசுமாவதிகூட ஓரமாக நின்று சிரித்தாள்.

தசரதன்தான் முதலில் உள்ளே ஓடினான். பாய்லர் மேலிருந்த தூசியைத் தோள் துண்டால் துடைத்தான். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பினான்.

"முதலாளி, முதல்ல பெல்ட்டை மாட்டிடட்டுமா?"

"மாட்டறதா?" அப்பாசாமி உற்சாகமாக அவன் முதுகில் தட்டினார். "ஒவ்வொண்ணாக் கழட்டுப்பா. ஓசூர்ல புது மில்லு கட்டி முடிச்சிட்டேன். இவ்ளோ பெரிய பாய்லரை அந்தப் பழைய பாலத்து மேல எப்படிக் கொண்டு போறதுனுதான் இத்தனை நாளா தவிச்சிக்கிட்டிருந்தேன்!"